கிரிப்பரை மாத்துறதுக்கு முன்னாடி கைடு ஹூக்கை பாருங்க

ரெண்டு பக்கத்துல இருந்தும் கிரிப்பர் வந்து நூலை கவ்வி கை மாத்துறதுதான் ரேப்பியர் தறி, அதுல நடுவுல நூல் கை மாறாம மெஷின் அடிக்கடி நிக்குதுன்னா நம்ம பசங்க முதல்ல கை வைக்கிறது கிரிப்பர்லதான், ஸ்டோர்ல புதுசு ஒண்ணு எடுத்து மாட்டுவாங்க, கொஞ்ச நேரம் நல்லா ஓடும், திரும்ப நிக்கும், அப்புறம் அந்தப் பக்க கிரிப்பரையும் மாத்துவாங்க, அதுவும் சரி வராம ஷிஃப்ட் முடிஞ்சதும் அடுத்த ஆள் தலையில கட்டிட்டு ஃபேக்டரி பஸ் ஏறிடுவாங்க. நான் மலேசியாவுல பினாங்கு பிறை பக்கம் ஒரு மில்லுல தறி மெக்கானிக், வீடு நிபோங் திபால்ல. இத்தனை வருஷத்துல நான் பார்த்த வரைக்கும் கிரிப்பர் மேல தப்பு இருக்கிறது கம்மி, அது ஓடுற பாதையிலதான் கோளாறு இருக்கும், அந்தப் பாதையை நேரா வச்சுக்கிறதுதான் கைடு ஹூக். நம்ம ஊரு ஸ்டேஷனை தாண்டி கேடிஎம் ரயில் போகுதே, தண்டவாளம் விலகி இருந்தா எஞ்சினை மாத்தி என்ன பிரயோஜனம்?

சுத்தி இருக்கிற தோட்டங்கள்ல ரப்பர் பால் மரம் போய் செம்பனை வந்து, அதுலயும் வேலை குறைஞ்சு, நம்ம ஆளுங்க பல பேர் ஃபேக்டரி பக்கம் வந்தவங்கதான். இப்ப புதுசா தறி செக்‌ஷனுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு மெஷின் ஓட்ட சொல்லிக் குடுக்குறாங்க, நூல் கட்ட சொல்லிக் குடுக்குறாங்க, ஆனா குறுக்கே போற ஊடை நூலை தூக்கிட்டுப் போற அந்த பாகம் எதைப் பிடிச்சு நேரா போகுதுன்னு யாரும் சொல்றதில்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

பழைய தறியில ஊடை நூலை எடுத்துட்டுப் போக நாடா இருந்துச்சு. ஜான் கே 1733-ல பறக்கும் நாடாவுக்கு காப்புரிமை வாங்கினதுல இருந்து அதேதான், ஒரு பக்கம் அடிச்சா அடுத்த பக்கம் பறக்கும், நடுவுல அதைப் பிடிச்சு நடத்த ஒண்ணும் கிடையாது, கீழ ரேஸ்போர்டுங்கிற பலகை, பின்னாடி ஊடையை அடிச்சு சேர்க்கிற சீப்பு மாதிரியான ரீட், அவ்வளவுதான் துணை. பாதையில ஒரு நூல் தடுக்கினா நாடா வெளிய பறந்து ஆளை அடிச்சிடும், அதுக்காகவே முன்னாடி கம்பி கார்டு போட்டாங்க. நாடா இல்லாத தறி வந்தப்போ ஒவ்வொரு கம்பெனியும் இந்த பாதை விஷயத்தை ஒவ்வொரு மாதிரி தீர்த்துச்சு. சுவிட்சர்லாந்து சுல்சர் 1953-ல சந்தைக்கு கொண்டு வந்த ப்ரொஜெக்டைல் தறியில 90 மில்லிமீட்டர் நீளம் 40 கிராம் எடையில ஒரு சின்ன இரும்புத் துண்டு பறக்கும், ஆனா அது நீளவாக்குல இருக்கிற பாவு நூலைத் தொடவே தொடாது, சீப்பு பல்லு மாதிரி வரிசையா கைடு பல்லுங்க பாவுக்குள்ள எழும்பி நிக்கும், அதுக்குள்ளதான் பறக்கும். ஏர்ஜெட்ல ரீட்லயே பள்ளம் வெட்டி சுரங்கம் மாதிரி வச்சிருப்பாங்க, காத்து அதை விட்டு சிதறாது, வழியில ரிலே நாசில் ஊதி ஊதி தள்ளும். ஜெர்மனி டோர்னியர் ரேப்பியர் தறியில கிரிப்பரைக் கொண்டு போறது வளையாத கம்பி, அது தன் பலத்துலயே நேரா போகும், பாவுக்குள்ள கைடு தேவைப்படாது.

நம்ம மில்லுங்கள்ல அதிகமா இருக்கிறது வளையுற டேப் வச்ச ரேப்பியர். இதைத்தான் நல்லா புரிஞ்சுக்கணும். நூல் இழையும் பிசினும் பல அடுக்கா சேர்த்து அழுத்தின டேப், நடுவுல வரிசையா ஓட்டை, அந்த ஓட்டையில பல் சக்கரம் மாட்டி முன்னும் பின்னும் திருப்பும், டேப் நுனியில கிரிப்பர். இடது கிரிப்பர் நூலை நடு வரைக்கும் கொண்டு வரும், வலது கிரிப்பர் வாங்கிட்டு போகும். டேப் வளையணும், இல்லன்னா சக்கரத்தை சுத்தி மடங்காது, ஆனா பாவுக்குள்ள போனதும் அதே டேப் விறைப்பா நேரா நிக்கணும். ரெண்டையும் சேர்த்து டேப் ஒண்ணே செய்ய முடியாது, அதுக்குத்தான் கைடு ஹூக்.

எவ்வளவு வேகம்னு சும்மா ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஊடை ஒரு தடவை குறுக்கே போறதுதான் ஒரு பிக், தறி நிமிஷத்துக்கு 500 பிக் ஓடுதுன்னு வைங்க, ஒரு பிக்குக்கு 0.12 செகண்ட். தறியோட ஒரு சுத்து 360 டிகிரி, அதுல ஒரு பிக், கிரிப்பர் 70 டிகிரி பக்கம் பாவுக்குள்ள நுழைஞ்சு 180 டிகிரியில நடுவுல சந்திக்கும், அப்போ உள்ள போறதுக்கு கிடைக்கிற நேரம் 0.04 செகண்டுக்கும் கம்மி. துணி அகலம் 190 சென்டிமீட்டர்னா அந்த நேரத்துக்குள்ள 95 சென்டிமீட்டர் போகணும். சராசரியே மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல வருது, அதுவும் கிளம்பி, வேகம் பிடிச்சு, நடுவுல போய் நின்னு, திரும்பி வரணும். இந்த வேகத்துல டேப் கொஞ்சம் மேல தூக்கினாலோ பக்கத்துல சாஞ்சாலோ ரெண்டு கிரிப்பரும் ஒண்ணை ஒண்ணு நேரா பார்க்காது, நூலோட மொனை வாங்குற வாய்க்கு வெளிய போயிடும். நாம என்ன சொல்றோம், கிரிப்பர் ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சுன்னு.

ஹூக் எங்க இருக்கும்னா ரேஸ்போர்டு மேல ரீட்டுக்கு முன்னாடி வரிசையா, மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், வேலை ஒண்ணுதான். பாவு திறக்கும்போது கீழ் பாவு நூலுங்களுக்கு நடுவுல நுழைஞ்சு மேல வரும், டேப்போட ஓரத்தை பிடிச்சு மேல தூக்காம பக்கத்துல விலகாம வச்சுக்கும், ரீட் அடிக்க முன்னாடி வரும்போது நூலுக்கு நடுவுலயே திரும்ப கீழ இறங்கிடும். 500 பிக்ல மெஷின் நிக்காம ஓடினா ஒரு நாளைக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் தடவை அந்த ஹூக் நூலை விலக்கிட்டு ஏறி இறங்குது. அந்த அளவு நூலோட உரசுற ஒரு பொருள் எவ்வளவு வழவழன்னு இருக்கணும்னு யோசிச்சு பாருங்க.

அதை எப்படி பார்க்கிறதுன்னா கண்ணால பார்த்தா தெரியாது. மெஷினை ஆஃப் பண்ணி மெயின் சுவிட்ச்ல பூட்டு போட்டுட்டு, கொஞ்சம் பஞ்சை எடுத்து விரல்ல லேசா பிடிச்சு ஒவ்வொரு ஹூக் மேலயும் நுனியில இருந்து அடி வரைக்கும் தடவுங்க, உள் பக்கமும் தடவுங்க. நல்ல ஹூக்ல பஞ்சு வழுக்கிட்டு வந்துடும், பிசிறு ஏறின ஹூக்ல ரெண்டு மூணு இழை ஒட்டிக்கிட்டு நிக்கும், டார்ச் அடிச்சா பளிச்சுன்னு தெரியும். விரல் நகத்தால தடவினா கண்டுபிடிக்க முடியாத பிசிறு கூட பஞ்சுல மாட்டும். மாட்டின ஹூக்கை அரம் போட்டு ராவாதீங்க, மேல உள்ள கோட்டிங் போயிடும், அடுத்த வாரமே இன்னும் மோசமா வெட்டும். மாத்துங்க.

துணியே நமக்கு சேதி சொல்லும். செக்கிங் டேபிள்ல இருக்கிற அக்காங்க லைட் மேல துணியை ஓட விடும்போது நீளவாக்குல முடி மாதிரி மெல்லிசா ஒரு கோடு வருதுன்னு கூப்பிட்டா அலட்சியம் பண்ணாதீங்க. குறுக்கே வர்ற கோடு ஊடை சம்பந்தப்பட்டது, அது வேற கதை. நீளவாக்குல ஒரே இடத்துல மீட்டர் கணக்கா வர்ற கோடுன்னா தறி அகலத்துல ஒரே இடத்துல நிக்கிற ஏதோ ஒண்ணு நூலை உரசுதுன்னு அர்த்தம், ரீட் கம்பியா இருக்கலாம், ஓரத்துல மட்டும்னா துணி ஓரத்தை இழுத்துப் பிடிக்கிற டெம்பிளா இருக்கலாம், இல்லன்னா ஹூக். இங்க ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, செக்கிங் டேபிள்ல அளந்த அளவை அப்படியே தறியில கொண்டு போய் தேடுறாங்க. துணி தறியை விட்டு வந்ததும் சுருங்கிடும், ரீட் அகலமும் டேபிள்ல உள்ள அகலமும் ஒண்ணு கிடையாது. அதனால அதே கோட்டை தறியிலயே, டெம்பிள் இழுத்துப் பிடிச்சிருக்கிற இடத்துல துணியில கண்டுபிடிங்க, அங்க இருந்து ஓரம் வரைக்கும் அளவு டேப் வச்சு அளங்க, அதே அளவை ரேஸ்போர்டுல வச்சா ஹூக் மேல போய் உட்காருதா, ரெண்டு ஹூக்குக்கு நடுவுல வருதான்னு தெரிஞ்சிடும். ஹூக் மேல உட்கார்ந்தா முடிஞ்சது, ரீட்டை கழட்ட வேண்டிய வேலையே இல்ல.

இப்ப எனக்கு உண்மையாவே கோவம் வர்ற விஷயத்துக்கு வரேன். ஹூக் ஒண்ணு உடைஞ்சா ஸ்டோர்ல ஸ்பேர் இல்லன்னு சொல்லி அந்த ஒண்ணை மட்டும் கழட்டிட்டு ஓட்டுறது. ஒரு மில்லுல இதை பழக்கமாவே வச்சிருந்தாங்க, ஒண்ணு போனா என்ன மீதி எல்லாம் இருக்கேன்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு, ஆர்டர் அவசரம்பாரு. ஒரு ஹூக் இல்லாத இடத்துல டேப் லேசா துள்ளும், துள்ளின டேப் அடுத்த ஹூக்ல போய் இடிக்கும், அது தன்னோட பங்கு அடியையும் போனவனோட அடியையும் சேர்த்து வாங்கும், சீக்கிரமே அதுவும் தேயும், டேப் ஓரம் நார் நாரா கிளம்பும். அங்க அப்படித்தான் ஆச்சு, கடைசியில ஒரு நாள் கிரிப்பர் தலை ரீட்ல போய் சொருகி பாவு நூல் கொத்தா அறுந்து, டேப், கிரிப்பர், ரீட் மூணும் சேர்ந்து போச்சு. ஹூக் விலை எவ்வளவு, ரீட் விலை எவ்வளவுன்னு ஸ்டோர்ல கேட்டுப் பாருங்க. ஸ்பேர் வர்ற வரைக்கும் அந்தத் தறி நிக்கட்டும், அதுதான் லாபம்.

ஹூக் சரின்னா அடுத்தது டேப். மெஷினை கையால திருப்பி டேப்பை மெதுவா உள்ள அனுப்புங்க, எந்த ஹூக் கிட்ட இறுக்கமா போகுதுன்னு கைக்கே தெரியும், அந்த ஹூக் வரிசையை விட்டு விலகி இருக்கு, மேனுவல்ல சொன்ன கேஜ் வச்சுதான் சரி பண்ணணும், கண் அளவு வேண்டாம். டேப்போட ஓட்டை வட்டமா கட்டமா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கா, இல்ல ஒரு பக்கம் இழுத்த மாதிரி நீண்டிருக்கான்னு பாருங்க. நீண்டிருந்தா டேப்பை மட்டும் மாத்தாதீங்க, சக்கரத்துப் பல்லையும் பாருங்க, தேஞ்ச பல்லுல புது டேப் போட்டா புது டேப்பையும் அது தின்னுடும்.

ஹூக்கே இல்லாத ஃப்ரீ ஃப்ளைட் ரேப்பியரும் இருக்கு. அதுல கீழ் பாவு ரேஸ்போர்டு மேல படுத்திருக்கும், அது மேலயே டேப் வழுக்கிட்டுப் போகும். மெல்லிசான நூலுக்கு நல்லது, ஹூக் உரசல் கிடையாது. ஆனா அங்க பாவு நூலே பாதை ஆயிடுது, அதனால பாவு டென்ஷன், பாவு திறக்கிற வாய், அதாவது ஷெட்டோட உயரம், ரேஸ்போர்டு மேல உள்ள கவர் இதெல்லாம்தான் உங்களுக்கு ஹூக்குன்னு நினைச்சு பார்க்கணும்.

நம்ம நாட்டு ஈரத்தையும் சொல்லணும். நெசவு ஹால்ல பருத்திக்கு 70 சதவீதம் ஒட்டி ஈரப்பதம் வேணும், ரொம்ப காஞ்சா பாவு நூல்ல ஏத்தின கஞ்சி பொடியா உதிரும், ரொம்ப ஈரமானா பாவு நூல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஷெட் சுத்தமா திறக்காது, கிரிப்பர் ஒட்டின நூல்ல மோதும். உதிர்ற பொடியும் பஞ்சும் ஹூக் அடியில, டேப் வெளிய வர்ற கைடுக்குள்ள கெட்டியா படியும். அதை கம்ப்ரெஸ்டு ஏர் வச்சு ஊதுறதை நான் ஒத்துக்கிறதில்ல, பாதி பக்கத்து தறிக்குள்ள போகுது, பாதி கைடுக்குள்ளயே இன்னும் ஆழமா போகுது, மிச்சம் நம்ம நெஞ்சுக்குள்ள. பிரஷ்ஷும் வேக்குவமும் போதும்.

கை விஷயம் ரொம்ப முக்கியம். ஓடுற தறியில அறுந்த நூலை எடுக்க ஓரத்துல கை விடாதீங்க, கிரிப்பர் வெளிய வர்றதும் உள்ள போறதும் கண்ணுக்கே தெரியாது. டேப் ஓடுற சைடு மூடியை கழட்டி வச்சுட்டு ஓட்டாதீங்க, அந்த வேகத்துல டேப் அறுந்தா மொனை எந்தப் பக்கம் வீசும்னு சொல்ல முடியாது. நேப்பாளம், பங்களாதேஷ்ல இருந்து வந்த பசங்களுக்கு போர்டுல மலாய்ல எழுதி வச்சா பத்தாது, படம் வரைஞ்சு ஒட்டுங்க, கூட நின்னு செஞ்சு காட்டுங்க. மலேசியாவுல தொழில் பாதுகாப்பு சட்டம் 1994-ல வந்தது, திருத்தம் 2024 ஜூன் 1-ல இருந்து நடப்புல இருக்கு, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா தெரிஞ்சு முதலாளிகிட்ட சொல்லியும் நடவடிக்கை எடுக்கலன்னா அந்த இடத்தை விட்டு விலகுற உரிமை தொழிலாளிக்கு இருக்குன்னு 26ஏ பிரிவு சொல்லுது. மூடி இல்லாத தறியை ஓட்டச் சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க. சத்தத்துக்கும் 2019 விதிப்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு, தறி ஹால் அதை சாதாரணமா தாண்டும், காதுல பிளக் இல்லாம நிக்காதீங்க. பிளக் போட்டா மெஷின் சத்தம் புரியாதுன்னு சொல்லுவாங்க, அப்படி இல்ல, டேப் ஹூக்ல தட்டுற டிக் டிக் சத்தம் பிளக் போட்டாலும் தனியா கேட்கும்.

ஷிஃப்ட் புக்ல எந்தத் தறியில எத்தனாவது ஹூக் மாத்தினோம்னு எழுதுங்க, எண்ணும்போது எல்லாரும் ஒரே பக்கத்துல இருந்து, இடது ஓரத்துல இருந்தே எண்ணுங்க. நைட் ஷிஃப்ட் இடதுல இருந்தும் பகல் ஷிஃப்ட் வலதுல இருந்தும் எண்ணினா ஒரே ஹூக் மாசத்துக்கு எத்தனை தடவை போகுதுன்னு யாருக்கும் தெரியாது, அந்த ஹூக் உட்கார்ற இடத்துல ரேஸ்போர்டே வளைஞ்சிருந்தா கூட.