திருத்தப்படாத ஒளிப்படம் என்று ஒன்று உண்டா?

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நண்பகலில் நின்று, வெயில் பட்ட தூண் வரிசையையும் அதன் பின்னால் தாழ்வாரத்தில் தேங்கிக் கிடக்கும் நிழலையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர முயல்பவர் எவராயினும், அவர் முதலில் மோதுவது இயற்பியலோடுதான். முற்றத்தில் விழும் உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). தாழ்வாரத்தின் உட்சுவருக்குப் போய்ச் சேர்வது சில நூறு லக்ஸாக இருக்கலாம். போதாக்குறைக்கு, வெள்ளைச் சுதை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்புகிறது; பழைய மரக்கதவு மிகச் சிறு பகுதியையே திருப்பியனுப்புகிறது. இவ்விரண்டு வேறுபாடுகளும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதால், காட்சியின் மிகப் பிரகாசமான புள்ளிக்கும் மிக இருண்ட புள்ளிக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு இடைவெளி உண்டாகிவிடுகிறது. ஆனால் நல்ல பளபளப்புத் தாளில் அச்சிட்ட படத்தில், மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் இடையிலான வேறுபாடு நூறு, இருநூறு மடங்கு என்ற அளவிலேயே நின்றுவிடும். அந்தப் பல்லாயிரத்தை இந்த நூறுக்குள் சுருக்கியாக வேண்டும். எதைச் சுருக்குவது, எதை விட்டுக்கொடுப்பது என்று ஒரு மனிதரோ ஒரு மென்பொருளோ முடிவு செய்யாமல் எந்தப் படமும் உருவாவதில்லை.

கணினியில் ஒளிப்படத்தைத் திருத்துவது உண்மையான ஒளிப்படத் திறமையில் சேருமா என்ற வாதம், இந்த அடிப்படையைக் கவனிக்காமலேயே பெரும்பாலும் நடக்கிறது. கேமராவிலிருந்து வெளிவருவது இயற்கையானது, அதன்மேல் கைவைத்தால் செயற்கையானது என்று வாதிடுபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கேமராவுக்குள் நடப்பதைப் பார்த்தால் அப்படியொரு கோடு கிழிக்க இடமே இல்லை.

கேமராவின் சென்சார் ஒரு சிலிக்கன் தகடு. அதில் விழும் ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்பதைச் சுற்றமைப்பு எண்ணாக மாற்றித் தருகிறது. இந்த எண்ணில் வெளிச்சத்தின் அளவு மட்டுமே உண்டு, நிறம் கிடையாது. நிறம் தெரிவதற்காக ஒவ்வொரு பிக்சலின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் நுண்ணிய வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மனிதக் கண் பச்சைப் பகுதியில் கூடுதல் நுட்பத்தோடு பார்ப்பதால், பிக்சல்களில் பாதிக்குப் பச்சையையும், மீதியைச் சரிபாதியாகப் பிரித்துச் சிவப்புக்கும் நீலத்துக்கும் அவர் ஒதுக்கினார். பெரும்பாலான கேமராக்களும் கைபேசிகளும் இன்றும் இந்த அமைப்பையோ இதன் வழிவந்த ஒன்றையோதான் பயன்படுத்துகின்றன.

இதன் விளைவு சற்றே திகைப்பூட்டுவது. 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல் கொண்ட படம் ஒன்றில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிற மதிப்புகள் வேண்டும். ஆக மொத்தம் 7 கோடியே 20 லட்சம் எண்கள். சென்சார் உண்மையில் அளந்தவை 2 கோடியே 40 லட்சம் மட்டுமே. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்பியது. ‘நான் எதையும் தொடவில்லை, கேமராவில் வந்தது வந்தபடி’ என்று ஒருவர் பெருமையோடு காட்டும் படத்திலும் அளவீட்டைவிட ஊகமே அதிகம்.

அடுத்தது வெளிச்ச அளவு. சென்சார் நேர்விகிதத்தில் எண்ணுகிறது. ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும். கண் அவ்வாறு உணர்வதில்லை. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையே நம் கண்ணுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நிற்பதாகத் தோன்றுகிறது. எனவே சென்சார் தந்த எண்களை அப்படியே திரையில் இட்டால் படம் இருண்டு, களையிழந்து கிடக்கும். இருட்டுப் பகுதிகளை உயர்த்தி வெளிச்சப் பகுதிகளை நெருக்கும் வளைகோடு ஒன்றை அவற்றின்மீது செலுத்தியாக வேண்டும். ஜேபெக் கோப்பு கேட்கும்போது கேமராவே இதைச் செய்து, அதோடு ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிக்கட்டுவது), கூர்மை, நிறச் செறிவு ஆகியவற்றையும் தன் போக்கில் தீர்மானித்து, 14 பிட்டில் 16,384 படிகளாக இருந்த அளவை 8 பிட்டின் 256 படிகளாகக் குறைத்துவிட்டு, மிச்சத்தை எறிந்துவிடுகிறது. ரா கோப்பு என்பது எறிவதற்கு முந்தைய நிலை. கைபேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருமுறை பொத்தானை அழுத்துவதற்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி கண்டு, முகத்துக்கு ஒரு வெளிச்சமும் வானத்துக்கு ஒரு வெளிச்சமுமாகப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆக, திருத்தம் எப்படியும் நடக்கிறது. அதைச் செய்தவர் படம் எடுத்தவரா, எங்கோ ஓர் ஆய்வகத்தில் அமர்ந்து அந்த மென்பொருளை எழுதிய பொறியாளரா என்பது மட்டுமே வேறுபடுகிறது. இரண்டாமவருக்கு நாயக்கர் மகாலும் தெரியாது, அதன் தாழ்வாரத்து நிழல் எவ்வளவு கறுப்பாக இருந்தது என்பதும் தெரியாது.

இது டிஜிட்டல் காலத்தில் முளைத்த நோயும் அன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். மகாலையும் மீனாட்சி அம்மன் கோயிலையும் காட்டும் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அவருடையவை அடங்கும். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் மட்டுமே இணங்கின. பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறையக் குருடாக இருந்தன. (சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரச் செய்யலாம் என்று ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்தது 1873-இல்தான்.) ஆகவே கட்டடம் சரியாகப் பதிவதற்குள் நீல வானம் அளவுமீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும், மேகங்கள் தெரியமாட்டா. டிரைப் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் நிறமி பூசி மேகங்களை உண்டாக்கினார், மரங்களின் இலைப்பரப்பையும் சீர்செய்தார். அவர் படங்களை ஒளிப்படக் கலையின் சாதனைகளாக அருங்காட்சியகங்கள் இன்று பாதுகாக்கின்றன. மேகம் வரைந்ததை வைத்து அவரைப் போலி என்று யாரும் ஒதுக்கவில்லை. நான் ஒதுக்கமாட்டேன் என்றாலும், அந்த மேகங்கள் அன்று மதுரை வானில் இருந்தனவா என்று கேட்டால் அவர் பக்கம் நின்று சாட்சி சொல்லவும் மாட்டேன்.

பிலிம் காலத்து ஸ்டூடியோக்களின் இருட்டறையும் இதே வேலையைத்தான் செய்தது. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜருக்கும் தாளுக்கும் நடுவே கையையோ அட்டைத் துண்டையோ அசைத்து முகத்தில் விழும் ஒளியைக் குறைப்பார்கள். அந்த இடம் அச்சில் வெளுக்கும். வெளுத்துப்போன வேட்டியில் மடிப்பு தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நொடிகள் ஒளி கொடுப்பார்கள். முகத்து வடுக்களை நெகட்டிவிலேயே கூரிய பென்சிலால் மறைக்கும் ‘டச்சிங்’ வேலைக்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். நல்ல பிரிண்ட் போடுபவருக்கு அந்நாளில் இருந்த மதிப்பை, இன்று கணினியில் அதையே செய்பவருக்கு மறுப்பதில் நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அதற்காக எடிட்டிங் எல்லாவற்றையும் மீட்டுத்தரும் என்று எண்ணுவதும் அறியாமைதான். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. கண்மாய் நிறைந்து மறுகால் பாயத் தொடங்கிய பிறகு எவ்வளவு மழை பெய்தது என்பதைக் கண்மாயின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் போல, நிரம்பிய பிக்சலிலிருந்து அதன்பின் விழுந்த ஒளியின் அளவை யாரும் மீட்க முடியாது. வெள்ளையாக வெந்துபோன வானத்தை மென்பொருளில் இருட்டாக்கினால் சாம்பல் நிறத் தாள்தான் கிடைக்கும்.

இருட்டுப் பக்கத்தில் தொல்லை வேறு விதம். ஒளி துகள்களாக, ஒழுங்கின்றி வருவதால், எண்ணிக்கையில் எப்போதும் ஒரு தடுமாற்றம் இருக்கும். அது ஏறத்தாழ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். பத்தாயிரம் துகள்கள் விழுந்த இடத்தில் தடுமாற்றம் நூறு, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. நூறே துகள்கள் விழுந்த இடத்தில் அது பத்து, அதாவது 10 சதவீதம். அந்த இருட்டை எடிட்டிங்கில் உயர்த்தினால் புள்ளி புள்ளியாகக் குருணை கொப்பளிக்கும். ஆகவே, தேர்ந்தவர் மகாலின் வெண்சுதை நிரம்பி வழியாத எல்லைவரை ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டு எடுக்கிறார். கேமராவின் திரையில் அப்படம் சப்பென்று இருக்கலாம். ஆனால் தாழ்வாரத்து நிழலிலும் வேலைக்குப் போதுமான துகள்கள் சேர்ந்திருக்கும். பின்னால் செய்யப்போகும் திருத்தத்தை மனத்தில் வைத்தே ஷட்டரை அழுத்தும் இந்த இடத்தில், எடுப்பதையும் திருத்துவதையும் இரண்டு திறமைகளாகப் பிரிக்க வழியில்லை.

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், ஷட்டர் நொடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருக்கையில் அது எட்டுச் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1000-இல் ஒரு பங்கு என்றால் ஐந்து மில்லிமீட்டர்தான். முன்னதில் திமில் இழுபட்டுக் கலங்கும். அதைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவை தருவது அந்தக் காளையின் திமிலன்று, திமில் பொதுவாக எப்படி இருக்கும் என்ற கணிப்பு.

கோபுரத்துக்கும் இதுபோல ஒரு தனித் தொல்லை உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலின் சுமார் 52 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரத்தைக் கீழிருந்து கேமராவைச் சாய்த்து எடுத்தால், உச்சி தொலைவில் இருப்பதால் அது பின்னோக்கிச் சரிவதுபோல் தெரியும். மென்பொருளின் ஒரு சுட்டியை (ஸ்லைடரை) நகர்த்தி இதை நிமிர்த்திவிடலாம். ஆனால் கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகும் கட்டடம். பக்கங்கள் இரண்டையும் செங்குத்தாக்கும் வரை சுட்டியை இழுப்பவர் கோபுரத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிடுகிறார். எங்கே நிறுத்துவது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. கோபுரத்தை நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நிறத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தை வைத்து அவ்வாண்டின் பலனைச் சொல்வது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. பச்சைப் பட்டு என்றால் செழிப்பு. அந்த அதிகாலையில் ஆற்றில் விழுவது கலப்பட ஒளி. ஒளி மஞ்சள் பக்கம் சாய்கிறதா நீலப் பக்கம் சாய்கிறதா என்பதை நிற வெப்பநிலை என்ற அளவால் சொல்வார்கள்; எண் கூடக் கூட நீலம் கூடும். மஞ்சள் விளக்குகளின் நிற வெப்பநிலை சுமார் 3000 கெல்வின். விடியல் வானத்தின் நிழல் வெளிச்சம் 7000 கெல்வினைத் தாண்டும். நம் மூளை இதைத் தானாகச் சரிக்கட்டிக்கொண்டு பச்சையைப் பச்சையாகவே காட்டிவிடும். கேமராவுக்கு அந்தத் திறன் இல்லாததால், ஒயிட் பேலன்ஸ் என்ற பெயரில் சிவப்பு, நீல எண்களைத் தக்க பெருக்கல் எண்ணால் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டியிருக்கிறது. விளக்கொளியில் பழுத்த மஞ்சளாகிவிட்ட பட்டைப் பச்சைக்குத் திருப்புவது அவ்வகைத் திருத்தம். நேரில் நின்றவர் கண்டதோடு படத்தை அது ஒத்துப்போகச் செய்கிறது. வேறு நிறப் பட்டைப் பச்சையாக்கினாலும் கணினியில் நகர்வது ஏறக்குறைய அதே சுட்டிகள்தான். ஆனால் அதைச் செய்தவர் மதுரைக்காரர்களிடம் தப்ப முடியாது.

செய்தி நிறுவனங்களும் போட்டிகளும் இந்த வேறுபாட்டை விதியாக்கப் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2015-இல், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்கள் வேண்டாம், கேமராவே ஜேபெக்காகத் தந்த படங்களையே அனுப்புங்கள் என்று நிரந்தரப் பணியில் இல்லாமல் தனக்குப் படம் எடுக்கும் ஒளிப்படக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. விரைவு கருதி அது சரியாக இருக்கலாம். நேர்மையைக் கருதினால், மனிதரின் முடிவை விலக்கிவிட்டுக் கேமரா நிறுவனத்தின் முடிவை ஏற்பதாகவே முடிகிறது. உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியான ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’வின் வழி எனக்கு மேலும் பொருத்தமாகப் படுகிறது. ஒளியையும் நிறத்தையும் ஓரளவு திருத்தலாம். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. இறுதிச் சுற்றுகளை எட்டுபவர்கள் மூலக் கோப்பைக் காட்ட வேண்டும். சென்சார்மீது விழுந்த ஒளியைப் பங்கிட்டுக் கொடுப்பது ஒளிப்படக்காரரின் வேலை என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது; விழாத ஒளியைக் கொண்டுவந்து வைப்பதை வேறு வேலையாகக் கருதுகிறது. இப்போது மென்பொருள்களில் வந்துவிட்ட செயற்கை நுண்ணறிவு நிரப்பிகள், வெந்துபோன வானத்தில் ஒரே சொடுக்கில் மேகங்களை வைத்துவிடுகின்றன. டிரைப் தூரிகை கொண்டு செய்ததும் அதுதான் என்று வாதிடலாம். அவருக்காவது நீல ஒளிக்கு மட்டும் இணங்கிய வெள்ளி உப்பு என்ற காரணம் இருந்தது. எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்திருந்தால் உண்மையான மேகமே பதிந்திருக்கக்கூடிய சென்சாரை வைத்துக்கொண்டு இன்று அதைச் செய்பவர், பயன்படுத்தாமல் விட்டது அந்த ஒரு ஸ்டாப்பைத்தான்.