றிஹ்ட்சைஹென்: தகவல் குறியா, நெறிக்குறியா?

ஜேர்மனியில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான விதிமுறைப் பரீட்சையைத் தமிழில் எழுத முடியாது என்பதால், நம்மவர்கள் பலர் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறி வரும் தமிழ்க் குறிப்புகளைத் துணையாக வைத்தே படிக்கிறார்கள். அவற்றில், வீதிக் குறிகளில் ஒரு வகையைச் சுட்டும் ஜேர்மன் சொல்லான 'றிஹ்ட்சைஹென்' என்பதற்கு நேரே 'தகவல் குறி' என்று எழுதியிருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அண்மையில் உறவுக்காரப் பிள்ளை ஒருவனின் கொப்பியிலும் அதுவே இருந்தது. ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் படத்தைக் காட்டி, இதைக் கண்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஊரின் பெயரை வாசிப்பேன்" என்றான்.

அந்நாட்டு வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதி குறிகளை மூன்றாகப் பிரிக்கிறது. 40ஆம் பிரிவில் வருவன இடரை முன்னறிவிக்கும் 'கெஃபார்சைஹென்', 41இல் வருவன கட்டளையும் தடையும் இடும் 'ஃபோர்ஷ்ரிஃப்ட்சைஹென்', 42இல் வருவன றிஹ்ட்சைஹென். முதல் இரண்டையும் இடர்க்குறி, விதிக்குறி என்றால் போதும். அவற்றில் பெரிய வழக்கு இல்லை. மூன்றாவதில் 'சைஹென்' என்பது குறி. 'றிஹ்டென்' என்ற வினைக்கு நேர்ப்படுத்துதல், ஒரு திசையில் செலுத்துதல் என்று பொருள். திசையைக் குறிக்கும் 'றிஹ்டுங்', சரியானது எனப்படும் 'றிஹ்டிஹ்' ஆகியனவும் அதே வேரினவே.

தகவல் என்பது கேட்டுக்கொள்வதற்கு உரியது. கேட்டபின் விட்டுவிடவும் செய்யலாம். 310ஆம் எண்ணுள்ள அந்த மஞ்சள் பலகையோ அப்படிப்பட்டதன்று. வேக எண் எதுவும் அதில் எழுதப்பட்டிராவிட்டாலும், அதைக் கடந்த கணத்திலிருந்து மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. வேறு எல்லை குறிக்கப்படாதவரை தனியே ஒரு வேகப் பலகை வரும் என்று காத்திருப்பவர் தண்டப்பணம் கட்டுவார். வீட்டையும் விளையாடும் பிள்ளையையும் வரைந்த நீலப் பலகையும் இதே வகையினதே. அதற்கு அப்பால் நடைவேகத்திலேயே செல்ல வேண்டும், அடையாளமிட்ட இடத்திலன்றி வேறெங்கும் வண்டியைத் தரித்து வைக்கக்கூடாது. முன்னுரிமை வீதியைக் காட்டும் மஞ்சள் சாய்சதுரம்கூட, ஊர் எல்லைக்கு வெளியே வீதியின் ஓடுபாதையில் வண்டி தரிப்பதைத் தடுக்கிறது. இக்குறிகள் கட்டளைகளையும் தடைகளையும் கொண்டிருக்கலாம் என்று 42ஆம் பிரிவே வெளிப்படையாகச் சொல்லியிருக்க, மூலத்தைத் திறந்து பாராமல், ஆங்கிலக் கையேட்டில் கண்டதைத் தமிழாக்கிவிட்டு அதை ஜேர்மன் சொல்லின் பொருள் என்று எழுதுவது மொழிபெயர்ப்பாகாது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் எந்த மொழிக்குள்ளும் ஆங்கிலக் கதவு வழியாகவே நுழையும் பழக்கத்தை எப்போது விடுவார்களோ தெரியவில்லை.

'வழிகாட்டிக் குறி' என்போரும் உண்டு. கேட்க இனிமையான சொல்தான். ஆனால் அது 'வேக்வைசர்' என்பதற்கு உரியது. வழி, காட்டுவது என்ற இரு உறுப்புகளும் அச்சொல்லில் அப்படியே இருக்கின்றன. கூட்டாட்சி நெடுஞ்சாலைகளில் மஞ்சளிலும் அவுட்டோபான் எனப்படும் அதிவேக வீதிகளில் நீலத்திலும் ஊர்ப்பெயரோடு நிற்கும் பலகைகள் அவையே. அவை றிஹ்ட்சைஹென்னின் ஒரு கிளை மட்டுமே. கிளையின் பெயரை மரத்துக்குக் கொடுத்துவிட்டால், கிளையை எதைச் சொல்லி அழைப்பது?

ஆகவே 'நெறிக்குறி' என்பதே என் தெரிவு. நெறி என்ற ஒரே சொல் தமிழில் வழியாகவும் ஒழுங்காகவும் நிற்கிறது. றிஹ்டென் என்ற வேரிலும் திசையும் சரியும் பிரியாமல் கிடக்கின்றன. நெறி என்றாலும் விதிதானே, விதிக்குறியோடு மயங்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓரளவு மயங்கும்தான். வழிவிடச் சொல்லும் குறியை 41இலும் முன்னுரிமை உண்டென்று சொல்லும் குறியை 42இலும் வைத்த சட்டத்திலேயே அந்த மயக்கம் இருக்கும்போது, சொல் மட்டும் அதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நியாயமன்று.

இன்னொரு வசதியும் உண்டு. அவுட்டோபானில் கார்களுக்குப் பரிந்துரைக்கப்படும் மணிக்கு 130 கிலோமீற்றர், 'றிஹ்ட்' என்ற அதே முன்னொட்டோடுதான் வழங்குகிறது. அதை மீறுவது மட்டும் குற்றமாகாது என்றாலும், விபத்து நேர்ந்தால் பொறுப்பைக் கணக்கிடும்போது அந்த வேகமும் எடைபோடப்படலாம். அதை 'நெறிவேகம்' என்று தயங்காமல் எழுதலாம். 'தகவல் வேகம்' என்று எழுத அந்தக் குறிப்புகளைத் தயாரித்தவருக்கே கை வராது.