விடுதிப் படிவத்தை நிரப்பும் முன் அந்த வீட்டின் விடியலைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் இன்னொரு கோப்பு வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை, புதுக்குடியிருப்புப் பக்கம். பாடசாலை வரவு குறைவு. காரணம் என்ற இடத்தில் "தந்தை மாற்றுத்திறனாளி, பெற்றோரின் கவனிப்புப் போதாது" என்று ஒரே வரி. பரிந்துரை என்ற இடத்தில் "சிறுவர் இல்லம் அல்லது விடுதி". வன்னியில் தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது உடல் பாதிப்புள்ளவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவராக, வேலை செய்யும் எனக்கு இந்த இரண்டு வரிகளும் மனப்பாடம். கிளிநொச்சியிலும் இதேதான், மாங்குளத்திலும் இதேதான், துணுக்காயிலும் இதேதான். பிள்ளையின் பெயரும் வயதும் மட்டும் மாறும். எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களில் ஒருவராவது காலை எட்டு மணிக்கு முன் அந்த வீட்டுப் படலையைத் திறந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

முதல் நாளே கேட்டு, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, விடிவதற்கு முன் போனேன். தகப்பன் சில வருடங்களுக்கு முன் பனையிலிருந்து விழுந்தவர். (முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் என்றாலே எல்லோருக்கும் 2009தான் நினைவுக்கு வருகிறது. போர் முடிந்த பிறகும் மரத்திலிருந்து விழுந்தவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்களும் எங்களிடம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.) இடுப்புக்குக் கீழ் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஆறு மணிக்கு முன்பே தொழிற்சாலை பஸ் சந்திக்கு வந்துவிடும். அதன் பிறகு வீட்டில் தகப்பனும் மகளும் மட்டும்தான்.

இப்படிப்பட்ட பாதிப்பு உள்ளவருக்குக் காலைக்கடன் ஐந்து நிமிட வேலை அன்று. ஒரு மணி நேரம் போகும், சில நாள்களில் அதற்கு மேலும் போகும். அந்த நேரம் முழுவதும் மகள் கிணற்றுக்கும் மறைப்புக்கும் நடுவே வாளியோடு நடக்கிறாள். கேட்டதை எடுத்துக் கொடுக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள், மறுபடியும் தண்ணீர் அள்ளப் போகிறாள். எல்லாம் முடியும்போது ஏழேகால். பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கும். நடந்தால் அரை மணி நேரத்துக்கும் மேலான தூரம். பிந்திப் போனால் வாசலில் நிற்க வேண்டும், வகுப்பில் ஏச்சு விழும். ஆகவே போகாமலே இருந்துவிடுகிறாள். ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்கிறாள். அப்பாவின் மலசலகூட விடயத்தை ஒன்பது வயதுப் பிள்ளை வகுப்பு நடுவில் எழுந்து நின்று சொல்லுமா?

அந்த வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு நேரம். குடலுக்கு நேரம் பழக்குவது முக்கியம். அது காலையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் குடல் தானாகவே அசையத் தொடங்கும். மலம் கழிக்கும் நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் தாயும் வீட்டில் இருப்பார். வைத்தியரோடும் தாதியோடும் பேசி, மெல்ல மெல்ல மாற்றினோம். உடல் புது நேரத்துக்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன. இடையில் துணி நனைந்த நாள்களும் இருந்தன, தகப்பன் கூனிக் குறுகிய நாள்களும் இருந்தன. இப்போது பிள்ளை பாடசாலைக்குப் போகிறாள். தகப்பன் காலையில் கதிரையில் இருந்தபடியே தலைவாரி விடுகிறார், கொப்பியைப் பார்க்கிறார். விடுதியும் வேண்டியிருக்கவில்லை, இல்லமும் வேண்டியிருக்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் இதே மருந்து பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் காலையின் ஏதோ ஓர் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அதைத் தேடாமல், "அவர்களால் இயலாது" என்று மொத்தமாக எழுதிவிடுகிறோம். எனக்குத் தாங்க முடியாதது இதுதான். நடக்க முடியாதவரால் பிள்ளை வளர்க்கவும் முடியாது என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்? பிள்ளையை எழுப்புவது, இன்றைக்குப் பாடசாலை உண்டு என்று உறுதியாகச் சொல்வது, வயிற்றுவலி என்று நடிக்கிறதா உண்மையாகவே வலிக்கிறதா என்று குரலை வைத்தே கண்டுபிடிப்பது, நேற்று யாரோடு சண்டை என்று விசாரிப்பது, சாப்பிட வைப்பது, வீட்டுப்பாடம் செய்தாயா என்று அதட்டுவது — இவற்றில் எதற்குக் கால் வேண்டும்? எதற்குக் கண் வேண்டும்? விசுவமடுப் பக்கத்தில் பார்வையற்ற தாய் ஒருவர் இருக்கிறார். மகளின் புத்தகப் பையைக் கையால் தடவியே எந்தக் கொப்பி இல்லை என்று சொல்லிவிடுவார். அவர் பின்னிய இரட்டைப் பின்னல் மாலை வரை குலையாது.

கொண்டுபோய் விடுவது பெற்றோரின் வேலையில் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டை வேறொருவர் செய்யலாம். கட்டாரில் வேலை செய்யும் தகப்பன் தன் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வதில்லை. அவரைக் கவனிப்பற்றவர் என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதுவதில்லை. அவருக்குப் பதிலாக மாமா கூட்டிப் போனால் அது குடும்ப ஏற்பாடு. சக்கரக் கதிரையில் இருப்பவரின் பிள்ளையை மாமா கூட்டிப் போனால் மட்டும் அது கைவிடப்பட்ட பிள்ளையா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உத்தியோகத்தர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 23ஆம் உறுப்புரை, பிள்ளையின் இயலாமையையோ பெற்றோரின் இயலாமையையோ காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது என்கிறது. பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு உதவுவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது உண்மை. அதைச் சொல்லித் தாய் தகப்பனை மிரட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிரட்டியதன் பலன் என்ன தெரியுமா? பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், உதவி கேட்க வேண்டிய குடும்பம் வாயையே திறப்பதில்லை. நாங்கள் போனால் "பிரச்சினை ஒன்றும் இல்லை ஐயா" என்று சிரித்துக்கொண்டு தேநீர் தருகிறார்கள்.

அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் சில சொற்கள். பிந்தி வரும் இந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாதீர்கள். பிந்தி வந்தது என்று பதியுங்கள், உள்ளே விடுங்கள், பிறகு தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தை மேல்மாடியில் வைத்துவிட்டு, வராத தாயின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். சிரமதானத்துக்கு வராத வீட்டிடம் காசு கேட்கும்போது அது எந்த வீடு என்று ஒரு கணம் யோசியுங்கள். பொதுக் கட்டடங்களுக்கான அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. புதிதாகக் கட்டும் கட்டடத்துக்குக்கூடச் சரிவுப் பாதை இல்லாமல் அடிக்கல் நாட்டுகிறோம். இருக்கிற சரிவுகளிலும் பல, சக்கரக் கதிரைக்காரர் ஒருவர் தனியே ஏறவே முடியாத செங்குத்து. ஒரு மீற்றர் உயரம் ஏற, குறைந்தது பன்னிரண்டு மீற்றர் நீளமாவது வேண்டும். மேசனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், கணக்கு அவ்வளவுதான்.

இனிப் பெற்றோருக்கு. கோபிக்காதீர்கள், உங்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

சக்கரக் கதிரையின் கால்மிதியில் பிள்ளையை ஏற்றி நிறுத்திக்கொண்டு கிரவல் வீதியில் போகாதீர்கள். கதிரை முன்பக்கமாகக் கவிழும். இரண்டு பேரும் விழுவீர்கள். புத்தகப் பையைக் கதிரையின் முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு ஏற்றத்தில் ஏறினால் பின்னால் சாயும். மடியில் பிள்ளையை இருத்தினால், பையின் கொளுவியோ சப்பாத்தோ உங்கள் தொடையை அழுத்துவது உங்களுக்குத் தெரியாது. அன்றிரவு கண்ணாடியை வைத்துத் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்தில் பாரம் படாமல் விடுங்கள், நிறம் மாறாவிட்டால் உடனே வைத்தியசாலை. புட்டுப் பானையையோ தேநீர்க் கேத்தலையோ மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதை இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத தோல் வெந்து, படுக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த தாயை நான் அறிவேன். அந்த மாதங்களில் அவருடைய பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மடிக்கு ஒரு பலகைத் தட்டு செய்வித்து, அதையும் சூடில்லாத சாமானுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

செயற்கைக் கால் போடுகிறவர்கள், காலையில் போடும்போது இறுகினால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள். புண் வந்தால் கால் இல்லாத வாரங்கள்தான் மிச்சம். மாரியில் கால் நனைந்துவிட்டால் கழற்றி, துடைத்து, உலர்த்திவிட்டுப் போடுங்கள். குழி விழுந்த சேற்று ஒழுங்கையில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு செயற்கைக் காலால் ஊன்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நாள்களில் வேறு ஏற்பாடு இருக்கட்டும். பார்வையற்ற பெற்றோரே, உங்கள் வெள்ளைப் பிரம்புக்குப் பதில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு வீதியைக் கடக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வாகனத்தின் வேகம் கணிக்கத் தெரியாது.

எல்லாவற்றையும் விட ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளையைத் தாதியாக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தரட்டும், படலையைச் சாத்தட்டும், அதில் தவறில்லை. சிறுநீர்ப் பை மாற்றுவதும், உங்களைக் கட்டிலிலிருந்து தூக்குவதும் பிள்ளையின் வேலை அன்று. பதினொரு வயதுப் பையன் தகப்பனைக் கக்கத்தில் பிடித்துத் தூக்குவதைப் பார்த்து ஊர் முழுக்க "பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுகிறது. எனக்கு வயிறு கலங்குகிறது. பையனின் முதுகும் போகும், ஒருநாள் தகப்பனும் கீழே விழுவார். கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவே வைக்க, ஓரம் உருட்டி வழவழப்பாக இழைத்த பலகை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள். கட்டிலின் உயரத்தைக் கதிரையின் உயரத்துக்குச் சமமாக்குங்கள். அதில் நகரும் விதத்தை எங்களில் ஒருவர் வந்து பழக்கிவிடுவோம். கைப்பலம் இருப்பவர்களில் பலர் யாருடைய உதவியும் இல்லாமல் இறங்கப் பழகிவிடுகிறார்கள்.

வழித்துணை விடயத்தில் கூச்சம் வேண்டாம். அதே வழியில் போகும் பிள்ளைகளோடு சேர்த்து அனுப்புங்கள். ஒட்டுசுட்டான் போன்ற பக்கங்களில் விடியற்காலை யானை நடமாட்டம் இருப்பதால் கூட்டமாகப் போவதே நல்லது, கூடவே பெரியவர் ஒருவரும் போக வேண்டும். ஓட்டோ பிடிப்பதானால் நான்கைந்து வீடுகள் சேர்ந்து மாதக் கணக்குப் பேசுங்கள், சாரதி யார், எவர் என்று விசாரியுங்கள், பிள்ளையைத் தனியே ஏற்றாதீர்கள். உங்கள் வழியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் ஓடுகிறதா என்று பாடசாலையில் கேளுங்கள், மாணவர் பருவச்சீட்டையும் அங்கேயே விசாரியுங்கள். கூட்டிப் போகிறவர் யார் என்பதை வகுப்பாசிரியரிடம் நீங்களே சொல்லி வையுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் போதும். அப்போதுதான் பிள்ளை வராத நாளில் ஆசிரியர் உங்களை அழைப்பார்.

பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரும், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். போகும்போது "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், எந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது, வழியில் எந்த இடத்தில் கதிரை இறுகுகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். மூன்று சில்லுச் சைக்கிள் வேண்டுமா, மலசலகூடத்துக்குக் கைபிடி வேண்டுமா, வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்திருங்கள்.

உத்தியோகத்தர்களே, அந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால் ஐப்பசிக்கு முன் பார்த்துவிடுங்கள். மாரி தொடங்கினால் கிரவல் வீதியில் சில்லு புதையும். தை மாதம் நீங்கள் கோப்பைத் திறக்கும்போது பிள்ளையின் பெயருக்கு நேரே இரண்டு மாத வெற்றிடம் இருக்கும். எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலை ஐந்து மணி என்றாலும் வருகிறோம்.