ஸ்பேம்: டப்பா இறைச்சி குப்பை அஞ்சலான கதை

பைதான் என்ற நிரல்மொழி படிக்கத் தொடங்கிய நாள்களில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மற்ற நிரல்மொழிப் பாடங்களில் எடுத்துக்காட்டு மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிகளுக்கு, ஃபூ, பார் என்று பெயர் வைப்பார்கள். பைதான் ஆவணங்களில் மட்டும் ஸ்பேம், எக்ஸ் (முட்டைகள்) என்று வரும். முட்டை சரி, அதன் பக்கத்தில் வேண்டாத மின்னஞ்சலுக்கு என்ன வேலை? அது மின்னஞ்சல் இல்லை, பன்றி இறைச்சி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. சமையல் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் இல்லாவிட்டால் இன்னும் தெரிந்திருக்காது.

முதலில் இன்றைய பொருள். கேட்காமலே, யாருக்குப் போகிறது என்று பார்க்காமல், மொத்தமாக அனுப்பப்படும் செய்திதான் ஸ்பேம். மின்னஞ்சலில் தொடங்கி குறுஞ்செய்தி, பின்னூட்டம், தொலைபேசி அழைப்பு என்று பரவிவிட்டது. இதில் ‘மொத்தமாக’ என்பதுதான் உயிர்நாடி. ஒருவர் உங்களுக்கு மட்டும் அசட்டுத்தனமாக ஒரு கடிதம் எழுதினால் அது ஸ்பேம் ஆகாது. அதையே பத்து லட்சம் பேருக்குத் தட்டிவிட்டால் ஆகும்.

இனி டப்பாவுக்கு வருவோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற சிறு ஊர். அங்கே உள்ள ஹார்மெல் நிறுவனம் 1937இல் ஸ்பேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பன்றியின் தோள்பட்டைக் கறியை எலும்பிலிருந்து எடுப்பது மெனக்கெட்ட வேலை, அதற்கு அவ்வளவாக விலையும் கிடைக்காது. அதை அரைத்து, உப்பும் சர்க்கரையும் சேர்த்து, டப்பாவில் அடைத்து, டப்பாவோடு வேகவைத்தார்கள். பெயர் வைக்க ஒரு போட்டி நடந்தது. கென்னத் டேனோ என்ற நடிகர் சொன்ன ‘ஸ்பேம்’ வென்றது, பரிசு 100 டாலர். அவர் நிறுவனத்தின் துணைத்தலைவர் ஒருவருடைய தம்பியோ அண்ணனோ, ஏதோ ஓர் உடன்பிறப்பு என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்? ‘ஸ்பைஸ்டு ஹாம்’, அதாவது மசாலா சேர்த்த பன்றித்தொடைக் கறி என்பதன் சுருக்கம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நிறுவனமோ உண்மையான விளக்கம் சிலருக்கு மட்டுமே தெரியும் என்று பூடகமாகப் பேசுகிறது. இன்றைய டப்பாவில் மசாலா எதுவும் கிடையாது. பன்றிக்கறி, உப்பு, தண்ணீர், உருளைக்கிழங்கு மாவுச்சத்து, சர்க்கரை, சோடியம் நைட்ரைட், அவ்வளவுதான். மூடியின் வளையத்தை இழுத்துக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டினால், டப்பாவின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புச் செங்கல் ஒன்று வழுக்கிக்கொண்டு விழும். மேலே கொஞ்சம் ஜெல்லி ஒட்டியிருக்கும். மெல்லிய துண்டுகளாக நறுக்கி, எண்ணெயே விடாமல் தோசைக்கல்லில் போட்டால் அதன் கொழுப்பிலேயே ஓரம் முறுகிவிடும். வாயில் வைத்தால் முதலில் தெரிவது உப்பு, அதற்கப்புறமும் உப்பு.

இது ஓர் ஊர்ப் பண்டமாகவே முடிந்திருக்க வேண்டியது. உலகப் பண்டமாக ஆக்கியது போர். குளிர்பெட்டி இல்லாமல் கெடாது, சமைக்காமலே தின்னலாம், அடுக்கிவைக்க வசதி. படைக்கு வேறென்ன வேண்டும்? 1941இல் அமெரிக்கா கடன்-குத்தகைச் சட்டம் கொண்டுவந்து நேச நாடுகளுக்கு ஆயுதத்தோடு உணவையும் அனுப்பியது. சோவியத் படைக்கும் இந்த வகை டப்பா இறைச்சி போனது. ஸ்பேம் இல்லாமல் எங்கள் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்று சோவியத் தலைவர் குருச்சேவ் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். முதலாளித்துவ நாட்டின் பன்றிக்கறியைத் தின்று செம்படை பெர்லினுக்கு நடந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், முழுப்பொய் இல்லை.

கொரியாவில் கதை இன்னும் அழுத்தமானது. 1950–53 போருக்குப் பிறகு, இறைச்சியே கிடைக்காத காலத்தில், அமெரிக்க முகாம்களிலிருந்து வெளியே வந்த ஸ்பேமையும் சாசேஜையும், கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியோடும் மிளகாய் விழுதோடும் சேர்த்துக் கொதிக்கவிட்டார்கள். ‘புதே ஜிகே’ என்று பெயர், பொருள் ‘படைமுகாம் குழம்பு’. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பெயரில் ‘ஜான்சன் தாங்’ என்றும் சொல்வார்கள். இன்று அங்கே ஸ்பேம் ஏழைப் பண்டம் இல்லை. அறுவடைத் திருநாளான சுசோக்குக்கு ஸ்பேம் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிப் பரிசாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி மாதிரி.

பிரிட்டனில் நேர்மாறு. 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. நல்ல கறி கிடைக்காமல் ஸ்பேமைத் தின்று தின்று ஒரு தலைமுறைக்கே அலுத்துப்போனது. அந்த அலுப்பிலிருந்துதான் மான்டி பைதான் குழுவின் நகைச்சுவைக் காட்சி பிறந்தது. 1970 டிசம்பரில் பிபிசியில் வந்தது. ஓர் உணவகம், பட்டியலில் எதைத் தொட்டாலும் ஸ்பேம். ஸ்பேம் வேண்டாம் என்கிறாள் ஒரு பெண். பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங்குகள் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) ‘ஸ்பேம், ஸ்பேம்’ என்று பாடத் தொடங்கி, மற்றவர் பேச்சே கேட்காதபடி செய்துவிடுகிறார்கள். சில நிமிடக் காட்சியில் அந்தச் சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. பைதான் மொழிக்குப் பெயர் கிடைத்ததும் பாம்பிலிருந்து இல்லை, இந்தக் குழுவிலிருந்து. என் சந்தேகம் தீர்ந்த இடம் அதுதான்.

1980களில் இணையவழி உரை விளையாட்டுகளில் சிலர் அந்தக் காட்சியைப் போலவே ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பி, மற்றவர் பேச்சைத் திரையைவிட்டு ஓட்டினார்கள். அதற்கு ‘ஸ்பேம் செய்தல்’ என்று பெயர் வந்தது. யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களின் அமைப்பில் 1993 மார்ச் 31 அன்று நடந்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். ரிச்சர்ட் டெப்யூ என்பவர் வேண்டாத பதிவுகளை நீக்க ஒரு நிரல் எழுதினார். அதில் ஒரு பிழை. நிரல் தன் பதிவுக்கே தான் பதில் போட்டு, அந்தப் பதிலுக்கும் பதில் போட்டு, ஒரே இரவில் சுமார் 200 பதிவுகளைக் கொட்டியது. குப்பை அள்ள வந்த வண்டியே குப்பையைக் கவிழ்த்த மாதிரி. நிறுத்த நிபந்தனை இல்லாமல் தற்சுழல் (தன்னையே திரும்ப அழைக்கும் நிரல்) எழுதிய யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். வணிக ஸ்பேம் என்றால் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் செயல் சொல்லைவிட மூத்தது. 1978 மே மாதமே டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் கேரி தூர்க் அதன் கணினிகளுக்கான விளம்பரத்தை, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு அனுப்பியிருந்தார். முகவரிகள் அதற்கான இடத்தில் கொள்ளாமல் வழிந்து, கடிதத்தின் உடலுக்குள்ளேயே இறங்கிவிட்டன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஹார்மெல் நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு சமரசம் வைத்திருக்கிறது: எல்லாம் பெரிய எழுத்தென்றால் இறைச்சி, சிறிய எழுத்தென்றால் அஞ்சல். நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஸ்பேம் என்று எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே தனிச்சொல் நமக்குத் தேவையாகவே இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘எரிதம்’ என்ற சொல் புழங்குகிறது. எரிச்சல் தரும் கடிதம் என்று படித்துக்கொள்ளலாம். கச்சிதமான சொல்தான். ஆனால் விளக்கம் சொல்லாமல் யாருக்கும் புரிவதில்லை, நெருப்பைத்தான் நினைக்கிறார்கள். தவிர எரிச்சல் ஸ்பேமின் விளைவு, அதன் இயல்பு இல்லை. ‘வேண்டா அஞ்சல்’ என்பதிலும் இதே குறை. மின்கட்டண நினைவூட்டலும் எனக்கு வேண்டாத அஞ்சல்தான்.

என் ஓட்டு ‘குப்பை’க்கு. வழக்கில் இருப்பதால் மட்டும் இல்லை. பழந்தமிழில் குப்பை என்றால் கழிவு என்று மட்டும் பொருள் இல்லை, குவியல் என்பதுதான் முதல் பொருள். நற்றிணையில் ‘உப்பின் குப்பை’ வருகிறது. உப்புக்குவியலின் மேல் ஏறி நின்று, மாலையில் கரைக்கு வரும் திமில்களை, அதாவது மீன்படகுகளை, எண்ணுகிறார்கள். நெல்லைக் குவித்தாலும் குப்பைதான். ஸ்பேமின் உயிர்நாடி மொத்தம் என்றேன் அல்லவா, குவியல் என்ற பொருள் அங்கே கனகச்சிதமாக உட்காருகிறது.

சிக்கல் இரண்டு உண்டு. வினையாக்கினால் ‘குப்பை கொட்டுதல்’ என்று வரும். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது, இருபது வருடம் ஒரே அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களைக் கேளுங்கள். ‘குப்பையடித்தல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்கு மோசமில்லை. இன்னொன்று, அழித்த அஞ்சல் போகும் இடத்துக்கும் குப்பைத்தொட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதை ‘அழித்தவை’ என்று மாற்றினால் தீர்ந்தது.

குப்பை அஞ்சலைப் பிரித்தெடுக்க நான் எழுதிய வடிகட்டி நிரலுக்கு மட்டும் வேறு சொல் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் நல்ல அஞ்சலுக்கு ‘ஹாம்’ என்று வேடிக்கையாகப் பெயர், ஸ்பேம் இல்லாத அசல் தொடைக்கறி என்ற பொருளில். பழைய அஞ்சலை இரு குவியலாகப் பிரித்துக் கொடுத்தால், ‘கடன்’, ‘உடனே’, ‘பரிசு’ போன்ற ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எவ்வளவு வருகிறது என்று வடிகட்டி எண்ணிக்கொள்ளும். புது அஞ்சலை அந்தக் கணக்கை வைத்துத் தூற்றும். தூற்றுவது என்று வந்துவிட்டால் நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? பைதான் 3 தமிழில் மாறிப்பெயர் வைக்க விடுகிறது. என் நிரலில் ஒரு பட்டியலின் பெயர் நெல், இன்னொன்றின் பெயர் பதர். நேற்று வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்று இன்னும் பதரில்தான் கிடக்கிறது, ‘உடனே பதில் தரவும்’ என்று எழுதியிருந்த குற்றத்துக்காக.