கோபக்காரர் என்ற முத்திரையோடு வருபவர்கள்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் தொழில். சண்டை போட்டதற்காக ஹெச்.ஆர். அனுப்பி வைக்கும் ஆட்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது "சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு, அக்கா" என்பதுதான்.

மெஷின் நின்றதற்குத் திட்டு வாங்கியது அவர்களுக்குப் பெரிதில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் கூடி நிற்கும் இடத்தில் வாங்கியதுதான் உறுத்துகிறது. இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு. ரிஜெக்ட் ஆன பொருளைப் படம் பிடித்து, ஆளின் பெயரையும் சேர்த்து ராத்திரி குரூப்பில் போட்டுவிட்டு சூப்பர்வைசர் தூங்கப் போய்விடுவார், இவர் விடிய விடிய அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் தூக்கம். 12 மணி நேர ஷிப்டுக்குக் காலை 7 மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால், சுங்கைப்பட்டாணியிலிருந்து கம்பெனி பஸ் பிடிப்பவர் விடியுமுன்பே எழுந்தாக வேண்டும், தீவுக்கு வரும் பாலத்து நெரிசல் தனிக்கதை. தூக்கம் குறையக் குறைய, ஆத்திரத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சின்ன விஷயத்துக்கும் துள்ளும்; அதைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதி சோர்ந்து கிடக்கும். இதைக் கெட்ட குணம் என்று எழுதி ஃபைலில் வைப்பது நியாயமில்லை. 2023 ஜனவரியிலிருந்து வார வேலை நேரத்தைச் சட்டம் 48-லிருந்து 45 மணியாகக் குறைத்தது, சரி. ஆனால் ஓ.டி. (ஓவர்டைம்) செய்தால்தான் வீட்டுக்கடன் கட்ட முடியும் என்கிறவரிடம் "நல்லா தூங்குங்க" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தனியாகக் கூப்பிட்டு, முதலில் கேளுங்கள். "தம்பி, மூணாம் மெஷின்ல என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் வரும். "கண்ணு தெரியலையா?" என்றால் கோபம்தான் வரும். கோபத்தைக் கட்டுப்படுத்த அரைநாள் பயிற்சி வைத்து ஆபரேட்டர்களை மட்டும் உட்காரவைக்கும் கம்பெனிகள் உண்டு. அந்த வகுப்புகளை எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முன்வரிசையில் சூப்பர்வைசரும் இல்லையென்றால் அது காசுக்குக் கேடு.

வேலை செய்பவருக்கு: தாடை இறுகுவது, காது சூடாவது, இதெல்லாம் கத்துவதற்கு முன்பே உடம்பு தருகிற சமிக்ஞை. அப்போதே "டாய்லெட் போயிட்டு வரேண்ணே" என்று நகர்ந்துவிடுங்கள். தூசு புகாத கிளீன்ரூமுக்கான உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வருகிற நேரத்தில் பாதி இறங்கிவிடும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், மீதியும் இறங்கும்.

கை மட்டும் நீளக் கூடாது. எவ்வளவு சீண்டியிருந்தாலும் அடித்தது உங்கள் குற்றமாகத்தான் நிற்கும். அதேபோல ஆத்திரத்தில், ஒரே நாளில் வேலையை விடுகிறேன் என்று 24 மணி நேர நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி நீக்கினால், அது நியாயமில்லை என்று தொழிலுறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிடலாம்; நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து என்னிடம் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைனை 15555-இல் கூப்பிடலாம், இல்லையென்றால் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேட்கலாம், கம்பெனிக் கடிதமெல்லாம் தேவையில்லை.