தாத்தாவின் சைவம் வேறு, நனிசைவம் வேறு

சென்ற மாதம் என் அறைக்குள் நுழைந்த அம்மையார் ஒருவர் ஒரு காலில் மட்டும் செருப்பு அணிந்திருந்தார். மற்றொன்று மருந்து கொடுக்கும் முகப்பின் அருகே கழன்று கிடந்தது. பின்னால் வந்த பெண் அதை எடுத்து வந்து காட்டும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. வயது 58. இளமையில் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தவர். 11 ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். 9 ஆண்டுகளுக்கு முன், தைப்பூச நேர்த்திக்கடனை முடித்த கையோடு மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டார். கறவை மாடுகள் படும் பாட்டை மகள் கைப்பேசியில் காட்டியதைப் பார்த்து, 3 ஆண்டுகளுக்கு முன் பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டார்.

பாதம் மரத்துப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சர்க்கரை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் முன்பு சென்ற மருத்துவரும் சொன்னார். நானும் முதல் முறை அவருடைய குறிப்பேட்டில் அவ்வாறே எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவினால் சாய்ந்துவிடுகிறேன், டாக்டர்" என்று அவர் சொன்ன பிறகுதான், தட்டினால் அதிரும் இரும்புக் கவையான இசைக்கவையைக் கையில் எடுத்தேன். அதைத் தட்டிப் பெருவிரலில் வைத்தேன். அதிர்வு தெரியவில்லை என்றார். கணுக்காலிலும் தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோதுதான் "ஆமாம், இப்போது உறுமுகிறது" என்றார். இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்களை மூடச் சொன்னதும், நான் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். நரம்புகளைக் காக்கும் பி12 வைட்டமின் இரத்தத்தில் லிட்டருக்கு 90 பிக்கோமோல் மட்டுமே இருந்தது. 150க்குக் கீழே போனாலே நாங்கள் கவலைப்படுவோம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்த ஆண்டில் மட்டும் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நனிசைவத்தை, அதாவது வீகன் உணவுமுறையை, எதிர்த்து எழுதுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இன்னோர் உயிருக்குத் துன்பம் வரக்கூடாது என்று ஒருவர் தம் நாவைக் கட்டுவதை நான் மதிக்கிறேன். ஒழுங்காகத் திட்டமிட்டால் அந்த உணவில் ஆரோக்கியமாக வாழ முடியும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. என்னை வருத்துவது வேறொன்று. பி12 பற்றிப் பேச்செடுத்தாலே, பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: "எங்கள் தாத்தா காலம் முழுக்கச் சைவம், 90 வயது வரை கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படித்தார், அவர் என்ன மாத்திரையா சாப்பிட்டார்?"

அந்தத் தாத்தா என்ன சாப்பிட்டார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும் முன் பால் விட்ட தேநீரைக் குடித்தார். மதியம் தயிர்ச்சோறோ மோரோ இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியவில்லை. மாடு வைத்துக்கொள்ளாத வீட்டுக்குப் பால்காரர் சைக்கிளில் வந்தார். நம் மரபுச் சைவம் பாலைத் தள்ளிய சைவமே அன்று. பாலால் தாங்கப்பட்ட சைவம். ஒரு கோப்பைப் பசும்பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் பி12 உண்டு. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். தாத்தாவுக்கு வேண்டியதைப் பெருமளவுக்குக் கொடுத்தது அவருடைய மோர்க்குவளை. அந்தக் குவளையை நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அதை ஒதுக்கிய பிறகும் தாத்தாவைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

அடுத்து வரும் கேள்வியும் எனக்குப் பழகியதே: "மாடு புல்லைத்தானே தின்கிறது, அதற்கு மட்டும் பி12 எங்கிருந்து வருகிறது?" புல்லில் அது இல்லை, எந்தச் செடியிலும் இல்லை. அதை உண்டாக்குபவை நுண்ணுயிரிகள் மட்டுமே. மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கில் வாழும் அவை, தீவனத்தில் உள்ள கோபால்ட்டைக் கொண்டு பி12ஐ உருவாக்க, அது பின்னர் சிறுகுடலுக்கு இறங்கும்போது மாடு உறிஞ்சிக்கொள்கிறது. நம் உடலிலும் அத்தகைய நுண்ணுயிரிகள் உண்டு. ஆனால் அவை இருப்பது பெருங்குடலில், பி12ஐ உறிஞ்சும் சிறுகுடற்பகுதியைத் தாண்டிய இடத்தில். மடைக்குக் கீழே பெய்த மழை மேட்டு வயலுக்குப் பாயாது. பழைய சோறு, தெம்பே எனும் புளித்த சோயாக் கட்டி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாகக் கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்றும் நல்ல உணவுகள், நானே சாப்பிடுகிறேன். ஆனால் பி12க்கு அவற்றை நம்ப முடியாது. ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் பி12 போலத் தோற்றமளிக்கும், நம் உடலுக்குப் பயன்படாத ஒரு பொருள்.

வீகன் என்ற சொல்லே 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டதோ 1948இல். தொடக்க கால நனிசைவர்கள் சிலர் காரணம் அறியாமலேயே நரம்பு நோய்க்கு ஆளானார்கள். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதால்தான் இன்று அங்குள்ள வீகன் சங்கமே, நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை எடுக்கும்படி தன் உறுப்பினர்களை வலியுறுத்துகிறது. மாத்திரையை வேண்டாம் என்பவர்கள், பி12 சேர்த்த உணவை நாளுக்கு இரண்டு முறையேனும் உண்டு மொத்தம் 3 மைக்ரோகிராமாவது பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. கொள்கையை உருவாக்கியவர்களே எடுத்துக்கொள்ளும் மாத்திரையை, அதைப் பின்பற்றும் நாம் 'இயற்கைக்கு மாறானது' என்று தள்ளுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த மாத்திரைக்கான பி12 நுண்ணுயிரிகளை வளர்த்துத்தான் எடுக்கப்படுகிறது. எந்த விலங்கும் அதில் வதைபடுவதில்லை. மேலுறை மட்டும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம். அதனால் உறையில்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குறைபாடு உடனே வெளியே தெரிவதில்லை என்பதே பெரிய ஆபத்து. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருக்கிறது. ஆகவே, மாறிய முதல் ஆண்டில் உடல் லேசானதாகவும் முகம் தெளிந்ததாகவும் எல்லாரும் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அது பொய்யும் அன்று. இருப்புக் கரைவது அவர்களுக்குத் தெரிவதில்லை. கீரையை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் தாராளமாகக் கிடைப்பதால், பி12 குறையும்போது வரவேண்டிய இரத்தச்சோகைகூட வெளிப்படாமல் போகலாம். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரத்தச் சிவப்பணுக்களின் அளவு இயல்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். நம் நாட்டில், பரம்பரை இரத்தக் குறையான தலசீமியாவின் கூறு உள்ளவர்கள் ஏராளம். பி12 குறைபாடு அணுவைப் பெரிதாக்க, தலசீமியா சிறிதாக்க, அறிக்கையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். இந்த அம்மையாருக்கும் அப்படித்தான் இருந்தது.

நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பாலையும் நிறுத்தி, இந்த மாத்திரையையும் சாப்பிடுகிறவர், கால் மரத்தால் சர்க்கரையின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக்கூடாது. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. உணவை மாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சோற்றின் அளவு குறைந்தால் வேறு சில சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் நாங்கள் குறைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள். 'நரம்பு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் பி6 மிக அதிக அளவில் இருக்கிறது, அதுவே நாளடைவில் பாதத்தை மரக்கச் செய்யும். இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் பி12 மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து, எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று என்னிடம் வாதாடாதீர்கள்.

பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பாலை ஊற்றுவது நம் வீடுகளில் எளிதாக நடந்துவிடுகிறது. பெயரில்தான் அது பால். அதில் புரதமும் கால்சியமும் சொற்பம். நிறைவுற்ற கொழுப்போ மிக அதிகம். சோயா பால் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பையில் கட்டிக் கொடுக்கும் சோயா பாலில் கால்சியமோ பி12ஓ யாரும் சேர்ப்பதில்லை. பெட்டியில் வருவதை வாங்கி, சிட்டையைப் படியுங்கள். தௌஃபூ (டோஃபு), தெம்பே, பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். கேழ்வரகும் எள்ளும் கால்சியத்துக்கு உதவும். இரும்புச்சத்துக்காகக் கீரையைச் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்தில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரம் பொறுங்கள், அல்லது கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். மீனும் இல்லாத சமையலில் உப்பு அயோடின் கலந்ததாக இருக்க வேண்டும்.

கருவுற்ற பெண்களிடமும் பாலூட்டும் தாய்மாரிடமும் நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். தாயிடம் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. பெரியவர்களுக்கு இருக்கும் கல்லீரல் இருப்புப் பச்சிளங்குழந்தைக்கு இல்லை. ஆறு மாதத்துக்குள்ளேயே சிரிப்பதை நிறுத்திய, நின்றிருந்த தலை மீண்டும் துவளத் தொடங்கிய குழந்தையைப் பார்த்த மருத்துவர் யாரும் அதை மறக்கமாட்டார். கருவுறுவதற்கு முன்பே மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள் தாயே. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பாதாம் பாலையோ கடைச் சோயா பாலையோ கொடுத்துவிடாதீர்கள். தாய்ப்பால் போதவில்லையென்றால் கிளினிக் தாதியிடம் கேளுங்கள், அவர் சரியானதைச் சொல்வார்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது சிறிதுதான். பாலை விடும் அன்றே பி12ஐத் தொடங்குங்கள், இருப்புக் கரையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன என்றால், முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள், பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலும், இருட்டில் நடை தடுமாறினாலும், நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிந்தாலும், காரணமில்லாமல் மறதியும் எரிச்சலும் கூடினாலும் தள்ளிப் போடாதீர்கள். சில மாதங்களில் பிடித்தால் பெரும்பாலும் முழுவதும் குணமாகும். ஆண்டுகள் கடந்து வந்தால் என்னால் உறுதி தர முடியாது.

அம்மையாருக்கு முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டோம். பால் குடிக்கும்படி நான் சொல்லவில்லை. அவரும் குடிக்கப் போவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நேற்று வந்தபோது கணுக்காலில் வைத்த அதிர்வு தெரிந்தது. பெருவிரல்களில் இன்னும் தெரியவில்லை. செருப்புக்குப் பின்பட்டை வைத்துத் தைத்து அணிந்திருந்தார். அவரைப் போலவே 3 ஆண்டுகளாகப் பால் தொடாத மகள் இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. வரும் புதன்கிழமை ஊசிக்கு வரும்போது கட்டாயம் அழைத்து வரும்படி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.