நின்னுட்டாலும் கிராஜுவிட்டி உண்டு

இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மா, ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்தவர். மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் லீவு கேட்டிருக்கிறார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, வந்ததும் திரும்ப எடுத்துக்கறோம்" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். திரும்பப் போனால் வேலை இல்லை. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை, கேட்டதற்கு, "நீயாதானே நின்ன? அது ரிட்டயர் ஆனவங்களுக்கு." அதை நம்பி எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வாசலுக்கு வந்திருக்கிறார்.

எத்தனை தடவை சொல்வது? ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி போய்விடும் என்பது பொய். 1972ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே ஓய்வு, ராஜினாமா இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. நீங்களாக நின்றாலும் சரி, அவர்கள் நிறுத்தினாலும் சரி, ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அந்தப் பணம் உங்களுடையது. அடிதடி, திருட்டு என்று டிஸ்மிஸ் ஆனவர் கதை வேறு. பிரசவம் பார்க்கப் போனவர் கதை அதுவா? தொழிலாளி இறந்துவிட்டால் ஐந்து வருஷக் கணக்கே கிடையாது, குடும்பத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

கணக்கும் பாருங்கள். அவருடைய கடைசிச் சம்பளம், பேசிக்கும் டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து 13,000. சட்டக் கணக்குப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 500. வருஷத்துக்கு 15 நாள் என்றால் 7,500. பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய். சிலர் 30-ஆல் வகுத்துக் குறைத்துக் கொடுப்பார்கள்; ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"வேலைக்குச் சேர்ந்தப்ப ஆர்டரே குடுக்கல சார்" என்று அழுதார். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து நாலாக மடித்த ஒரு சம்பளச் சீட்டை எடுத்தார். மை மங்கிப்போய், பி.எஃப். நம்பர் மட்டும்தான் படிக்க முடிந்தது. அது போதும். பி.எஃப். பாஸ்புக்கை எடுத்தோம், பதினோரு வருஷமும் மாதாமாதம் கம்பெனி பெயரோடு நின்றது.

தயவுசெய்து வெற்றுத் தாளில், தேதி போடாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்து நீட்டினால், பணம் கைக்கு வராமல் பேனாவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போட்டாயிற்றா? அதற்காக வீட்டில் உட்காராதீர்கள். சட்டம் கொடுத்த கிராஜுவிட்டியை ஒரு தாளில் எழுதி வாங்கிப் பறித்துவிட முடியாது. லீவு வேண்டுமென்றால் லீவு என்றே எழுதுங்கள், நகலை போட்டோ எடுத்து வையுங்கள். வேலையை விட்டு நின்ற 30 நாளுக்குள் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதிக் கேளுங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. பிந்திக் கொடுத்தால் வட்டியும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த அம்மாவின் மனு போன வாரம் போயிருக்கிறது, தாமதத்துக்கான காரணத்தோடு. அதே லைனில் தைத்து, அதே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இன்னும் மூன்று பேர் ஊரில் இருக்கிறார்களாம். வாங்கம்மா, பி.எஃப். நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்க.